வெள்ளித் தட்டில் வந்த செங்கல்

அந்த ராஜ்யம் எந்தத் திசையில் இருந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். அங்கே ஒரு ராஜா இருந்தார். அவருக்கு எல்லாவற்றிலும் அவசரம். மழைக்கு முன்னால் நெசவுக்கூடம் வேண்டும் என்றார். மந்திரி மாவலிராயர் நாற்பதே நாளில் கட்டி முடித்தார். திறந்த மூன்றாம் நாள் கூரை இடிந்து ஒன்பது பெண்கள் செத்துப்போனார்கள். ராஜா "விதி" என்று சொல்லிவிட்டு, அதே மாவலிராயரையே இன்னொரு கூடம் கட்டச் சொன்னார். என்ன அநியாயம் பாருங்கள்!

அந்தக் கூடமும் கட்டி முடிந்தது. அரண்மனை விகடகவி சடையாண்டியின் மகள் செங்கமலம், மறுநாள் அந்தப் புதுக்கூடத்தில் தறியில் உட்கார வேண்டியவள். சடையாண்டிக்குச் சோறு இறங்கவில்லை. நேரே சபைக்குப் போனான்.

"மகாராஜா, புதுக்கூடத்தைச் சோதித்தவர் யார்?"

"என் மைத்துனர்தான்," என்றார் மாவலிராயர். "செங்கல் ஒன்றும் காரை ஓர் உருண்டையும் வெள்ளித் தட்டில் வைத்து அவர் வீட்டுக்கு அனுப்பினேன். பார்த்து, உறுதி என்று முத்திரை போட்டுக் கொடுத்தார். மகாராஜா, சோதனையில் இத்தனை அக்கறை உள்ள இந்த விகடகவியைத் தங்கள் உணவைச் சோதிக்கும் வேலையில் வைக்கலாமே!"

முன்பு அந்த வேலையில் இருந்தவன் விஷம் கலந்த உணவைச் சோதித்துச் செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ராஜாவுக்கோ வேடிக்கையாக இருந்தது.

"இன்று மதியமே ஆரம்பி. தவறினால் உன் தலை போகும்."

மதியம் ராஜா நாலு கவளம் சாப்பிட்ட பிறகுதான் சடையாண்டி அங்கே இல்லை என்பதைக் கவனித்தார். சமையல்காரர் ஓர் ஓலையை நீட்டினார். 'உணவு நன்று' என்று அதில் எழுதியிருந்தது.

"அவர் வீட்டில் இருக்கிறார், பிரபு. கிண்ணத்தில் கொஞ்சம் அனுப்பச் சொன்னார். நானே பார்த்து எடுத்து அனுப்பினேன். ருசி பார்த்து எழுதிக் கொடுத்தார்."

ராஜா தொண்டையில் விரல் விட்டு வாந்தி எடுத்தார். சடையாண்டியை இழுத்து வந்தார்கள்.

"அடேய்! என் இலையில் விழுந்ததைப் பார்க்காமல், சமையல்காரன் அனுப்பியதைத் தின்றுவிட்டு எழுதினாயா? என் உயிர் உனக்கு விளையாட்டா?"

"நெசவுக்கூடத்தைச் சோதித்த முறையிலேயே சோதித்தேன், மகாராஜா. தப்பென்றால் என் தலையை எடுங்கள். அதற்கு முன் ஒருமுறை கூடத்துக்கு வாருங்கள். நாளைக்கு என் மகள் அங்கே உட்காரப் போகிறாள்."

ராஜா மாவலிராயரையும் மைத்துனரையும் அழைத்துக்கொண்டு போனார். கைத்தடியால் சுவரைக் குத்தினார். காரை மணலாகக் கொட்டியது. சுண்ணாம்பு பேருக்குக்கூட இல்லை. மாவலிராயரும் மைத்துனரும் அங்கிருந்தே விலங்கோடு சிறைக்குப் போனார்கள்.

"நாலு கவளத்தில் எனக்குப் பாடம் நடத்திவிட்டாயே!" என்று ராஜா சிரித்தார். "என்ன வேண்டும், கேள்."

"சோதிக்கிறவன் கட்டுகிறவனுக்கு உறவாக இருக்கக் கூடாது. அவனே நேரில் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சரியில்லை என்றால் வேலையை நிறுத்தும் அதிகாரம் வேண்டும், தங்கள் கட்டளையே ஆனாலும்."

"என் கட்டளையையுமா?"

"மழைக்கு முன்னால் வேண்டும் என்று கேட்டது யார், மகாராஜா?"

ராஜாவின் சிரிப்பு நின்றுபோனது. "இனி நீயே சோதி" என்று முத்திரை மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார்.

அன்றைக்கே சடையாண்டி ராஜாவின் புது உப்பரிகையைத் தட்டிப் பார்த்து வேலையை நிறுத்தினான். பிறகு செத்துப்போன அந்த ஒன்பது பெண்களின் வீடுகளுக்கும் போனான். ஊரையே சிரிக்க வைத்தவன் ஒவ்வொரு வாசலிலும் சும்மா நின்றுவிட்டுத் திரும்பினான்.