கூவலூர் அரண்மனைக்குப் புது ராஜா வந்த கதை

கூவலூர் பாளையம் ஒரு வியாழக்கிழமை காலையில் கை மாறியது. வாரிசு இல்லாத பழைய ராஜா, பாளையத்தைப் பக்கத்து வெண்ணிமலை ராஜாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காசிக்குப் புறப்பட்டுப் போனார். அரண்மனையில் வேலை பார்த்த நாற்பத்து மூன்று பேரையும் யாரும் எதுவும் கேட்கவில்லை. நாற்காலிகளோடும் அண்டாக்களோடும் சேர்த்து அவர்களும் மாறிப் போனார்கள்.

புது ராஜாவின் பெயர் மகுடேசர். முதல் நாளே எல்லாரையும் வரவழைத்துப் பேசினார். "எதுவும் மாறாது. நாம் எல்லாரும் ஒரே குடும்பம்" என்றார்.

மறுநாள் தலைப்பாகையின் நிறம் மாறியது. மூன்றாம் நாள் அரண்மனையின் பெயர் மாறியது. நான்காம் நாள் கும்பிடும் முறை மாறியது. நெஞ்சுக்கு நேரே கூப்பிய கைகளை இனி தலைக்கு மேலே கூப்ப வேண்டும். மதியம் எல்லாருக்கும் கொடுத்து வந்த மோரும் நின்றது. அந்த நேரத்தில் பிரதானி திம்மண்ணன் ஒரு சொற்பொழிவு செய்தார்.

திம்மண்ணன் வெண்ணிமலையிலிருந்து ராஜாவோடு வந்தவர். அங்கே அவருடைய மைத்துனர்களும் மைத்துனர்களின் மைத்துனர்களும் வேலையில்லாமல் இருந்தார்கள். கணக்குப் பார்த்தால் சரியாக நாற்பத்து மூன்று பேர். அவர்களுக்கு இடம் வேண்டுமே. உட்கார்ந்து யோசித்து ஓர் ஆணை எழுதினார்.

"அரண்மனையில் படி வாங்கும் எவரும், பழைய ராஜா காலத்தில் கற்ற அனைத்தையும் நாளை உச்சி முரசு முதல் மறந்துவிட வேண்டும். பழைய பழக்கம் ஒன்றே ஒன்று தென்பட்டாலும் வேலை போகும்."

மகுடேசர் அதில் முத்திரை வைத்தார். படித்துப் பார்க்கவில்லை. ராஜாக்கள் படித்துவிட்டு முத்திரை வைத்தால் பிரதானிகள் எதற்கு?

ஆணையைக் கேட்டதும் மடைப்பள்ளி வடிவாம்பாள் உலைக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இருபத்திரண்டு வருஷம் அங்கே சமைத்தவள். புருஷன் இல்லை, வேறு போக்கிடமும் இல்லை. ஓலை எழுதும் ராயசம் ஆவுடையப்பனிடம் போய் நின்றாள்.

"அண்ணே, புளியைக் கரைச்சு ஊத்தினாலே பழைய பழக்கம்னு சொல்லுவாங்களே. நான் என்னத்த செய்ய?"

"ஆணை என்ன சொல்லுது, வடிவு?"

"எல்லாத்தையும் மறக்கச் சொல்லுது."

"அப்ப மறந்துருவோம்" என்றார் ஆவுடையப்பன். பிறகு ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்து, காதோடு காதாகப் பேசிவிட்டு வந்தார். யானைப்பாகன் கூத்தனிடம் மட்டும் சற்று அதிக நேரம் பேசினார்.

மறுநாள் காலையில் மகுடேசர் செண்பகம் என்ற யானை மீது ஏறி ஊர்வலம் போனார். பக்கத்தில் குதிரையில் திம்மண்ணன் வந்தார். ஊரைச் சுற்றி அரண்மனை முற்றத்துக்குத் திரும்பியபோது உச்சி முரசு முழங்கி முடிந்திருந்தது. வெயில் கொளுத்தியது. ராஜாவுக்கு நல்ல பசி.

"யானைக்காரா, இறக்கு" என்றார்.

யானையின் கழுத்தில் இருந்த கூத்தன் தலையைச் சொறிந்தான்.

"இறக்கு என்கிறேன்."

"யானையை உட்காரச் சொல்ல ஒரு வார்த்தை உண்டு, சாமி. காலையிலகூடத் தெரிஞ்சுது. இப்ப மறந்துபோச்சு" என்றான் கூத்தன்.

திம்மண்ணன் ஏணி கொண்டுவரச் சொன்னார். ஏணி வைத்த இடம், சாமான் அறை பார்க்கும் உக்கிராணக்காரருக்கு மறந்துபோயிருந்தது. ராஜா தண்ணீர் கேட்டார். கிணறு எந்தப் பக்கம் என்று தண்ணீர்க்காரர் நாலா திசையும் பார்த்தார். மடைப்பள்ளியில் வடிவாம்பாள் ஒரு கையில் அரிசியும் ஒரு கையில் விறகும் வைத்துக்கொண்டு, இதில் எதை வேக வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

திம்மண்ணன் தானே யானையின் அருகில் போய், "உட்கார்" என்று அதட்டினார். செண்பகம் காதை ஆட்டிக்கொண்டு நின்றது.

"யானைக்கு என்ன வந்தது?" என்று கத்தினார் ராஜா.

ஆவுடையப்பன் முன்னால் வந்தார். "படி வாங்கும் எவரும் என்று ஆணையில் இருக்கிறது, மகாராஜா. எங்கள் எல்லாரையும்விட அதிகப் படி அரிசி வாங்குவது செண்பகம்தான்."

"எந்த ஆணை?"

ஆவுடையப்பன் ஓலையை நீட்டினார். மகுடேசர் யானை மேல் இருந்தபடியே, தான் முத்திரை வைத்த ஒன்றை முதன்முறையாகப் படித்தார். படித்துவிட்டுக் கீழே பார்த்தார்.

"திம்மண்ணரே, இவர்கள் எல்லாரும் போய்விட்டால் வேலைக்கு யார்?"

"நம் ஆட்கள் தயாராக இருக்கிறார்கள், மகாராஜா. வெள்ளிக்கிழமை வந்துவிடுவார்கள்."

"அதுவரை நான் இதன் மேலேயே இருக்க வேண்டுமா?"

திம்மண்ணன் குதிரையின் பிடரியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இந்த ஆணையை இப்போதே ரத்து செய்கிறேன்" என்றார் ராஜா. "எல்லாரும் எல்லாவற்றையும் நினைவுக்குக் கொண்டுவாருங்கள். இது ராஜகட்டளை."

முற்றத்தில் ஒருவரும் அசையவில்லை.

ஆவுடையப்பன் சொன்னார். "மன்னிக்க வேண்டும், மகாராஜா. ராஜகட்டளைக்குக் கீழ்ப்படியக் கற்றுக்கொடுத்தவரும் பழைய ராஜாதான். அதைத்தான் நாங்கள் முதலில் மறந்தோம்."

மகுடேசர் சிரித்தார். அம்பாரி குலுங்கும்படி சிரித்தார். தோளில் இருந்த பட்டுச் சால்வையை எடுத்து ஆவுடையப்பன் மேல் போட்டார். வெண்ணிமலை ஆட்கள் வழியிலேயே திரும்பிப் போகட்டும் என்றும், அவர்களுக்கு வழிகாட்டத் திம்மண்ணனும் கூடவே போகட்டும் என்றும் சொன்னார்.

"எல்லாம் சரி, ஆவுடையப்பரே. இப்போது நான் எப்படித்தான் இறங்குவது?"

"புது இடத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் செய்வதைத்தான் செய்ய வேண்டும், மகாராஜா. தெரிந்தவர்களைப் பணிவாகக் கேட்க வேண்டும்."

மகுடேசர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தமக்கு முன்னால் யானையின் கழுத்தில் உட்கார்ந்திருந்தவனிடம் குனிந்தார்.

"ஏனப்பா, உன் பெயர் என்ன?"