சிவப்புப் பொட்டு வச்ச வால்வு

திண்டுக்கல்லில் வைரவநாதனைப் போலப் பாட்டுக் கேட்கத் தெரிந்த காது யாருக்கும் கிடையாது. அதை அவரேதான் சொல்லிக்கொள்வார். இறந்துபோன அப்பாவின் வால்வு ரேடியோவைத் தூக்கிக்கொண்டு, தன் கட்டடத்தில் ரிப்பேர் கடை நடத்தும் மரியபுஷ்பத்திடம் வந்தார்.

"ஒரு வால்வு போச்சு. ஒரிஜினல்தான் போடணும். மாற்று வால்வைச் சொருகினா என் காது ஒரு நொடியில கண்டுபிடிச்சிடும். அப்புறம் நீ கடையைக் காலி பண்ண வேண்டியதுதான்!"

வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. அந்த ஒரிஜினல் வால்வு இப்போது எந்த ஊரிலும் கிடைக்காது.

"இதுல என்ன இருந்துச்சோ அதையே போட்டா போதுமா முதலாளி?"

"அதேதான்! இம்மி மாறக் கூடாது!"

மரியபுஷ்பம் ரேடியோவின் முதுகைத் திறந்து, கருகிய வால்வைப் பிடுங்கி அவர் உள்ளங்கையில் வைத்தாள். ரேடியோவில் அச்சிட்டிருந்த நம்பர் ஒன்று, வால்வில் இருந்த நம்பரே வேறு. அடியில் நெயில் பாலிஷால் ஒரு சிவப்புப் பொட்டு.

"அது என் அடையாளம் முதலாளி. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி நான் போட்ட மாற்று வால்வு. பொம்பளை என்னத்தைப் பழுது பாப்பான்னு ஊரே சிரிச்சப்ப, என்னை நம்பி முதல் ரேடியோ கொடுத்தவர் உங்க அப்பா. 'என் மகன்கிட்ட மட்டும் சொல்லிடாத தாயி'ன்னார். அந்த நன்றிக்குத்தான் இத்தனை நாள் வாயைத் திறக்கலை."

கூட்டம் சிரித்தது. வைரவநாதன் காதைத் தடவிக்கொண்டார்.

"அப்பா கடைசி வரைக்கும் இதுலதான் பாட்டுக் கேட்டார்" என்றார், குரல் தணிந்து. பிறகு கைகூப்பினார்.

"மாற்று வால்வே போடும்மா. அந்தச் சிவப்புப் பொட்டை மட்டும் மறந்துடாத."