இரண்டாம் தட்டு, இடது ஓரம்

ஏகாம்பரம் காய்கறி மண்டியில் இருபது வருஷம் தரகு பார்த்தவர். நாற்பத்தாறு வயதில் கம்ப்யூட்டர் நிரல் எழுத வந்தார். மருத்துவமனை ரத்த வங்கியில் மெர்லினிடம் சீடர். மெர்லினுக்கு இருபத்தொன்பது வயது.

ஏகாம்பரம் எழுதிய டிரிகர் என்ற சின்ன நிரலின் வேலை இதுதான்: ஒரு ரத்தப் பை வெளியே போனதும் டேட்டாபேஸிலிருந்து அதன் வரி அழியும். அழிந்த உடனே டிரிகர் தானாக ஓடி, அந்தப் பையின் குரூப்பை வார்டுத் திரைக்கு அனுப்பும். அன்று மதியத்துக்குள் அதைச் சரிபார்த்து மெர்லின் கையெழுத்துப் போடாவிட்டால் ஏகாம்பரத்துக்கு வேலை நிரந்தரமாகாது.

"அழிஞ்ச வரியோட குரூப்பை எங்கேருந்து படிக்குது?" என்று மெர்லின் கேட்டார்.

"மெமரியில அது இருந்த இடத்தைக் குறிச்சு வச்சிருக்கேன் மேடம். அங்கே போய்ப் படிக்கும்."

"அழியறதுக்கு முன்னாடி ஒரு நகல் எடுத்துக்கிட்டா என்ன?"

"வேகம் குறையும். பத்தாயிரம் தடவை ஓட்டிட்டேன், ஒரு தப்பு இல்லை."

"அதுதான் எனக்குச் சந்தேகமா இருக்கு."

ஏகாம்பரத்துக்குச் சுர்ரென்று ஏறியது. "தப்பு வந்தாலும் திட்டுவீங்க, வராட்டியும் திட்டுவீங்களா?"

மெர்லின் ஒரு தாளை நீட்டினார். "ஃபிரிட்ஜுல இரண்டாம் தட்டு, இடது ஓரம். என்ன குரூப் அண்ணே?"

"ஓ நெகட்டிவ். காலையில நானே பார்த்தேன்."

"எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

"இதுல ஏதோ வில்லங்கம் இருக்கு," என்றபடியே போட்டார்.

இருவரும் ஃபிரிட்ஜ் அருகே போனார்கள். கண்ணாடிக் கதவு வழியே லேபிள் தெரிந்தது. பி பாசிட்டிவ்.

"நீங்க மாத்தி வச்சிட்டீங்க!"

"நான் தொடலை. நீங்க பார்த்த பை பத்து மணிக்கே வார்டுக்குப் போயிடுச்சு. இடம் காலியாச்சு. வேற பை வந்து உட்கார்ந்துடுச்சு. மெமரியிலயும் அப்படித்தான்."

ஏகாம்பரம் ரத்தப் பைகளைக் கொடுத்தனுப்பும் பொறுப்பாளரிடம் ஓடிப்போய் விசாரித்தார். அவர் ஏட்டைத் திருப்பிக் காட்டினார். பத்து மணி ஐந்து நிமிடம். ஓ நெகட்டிவ்.

திரும்பி வந்தவருக்குக் குரல் இறங்கியிருந்தது. ஆனாலும் மண்டிப் பழக்கம் போகவில்லை.

"சரி, உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம். இன்னிக்குக் கையெழுத்துப் போடுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள நகல் எடுக்கிற மாதிரி மாத்திடறேன். மூணே நாள்."

மெர்லின் பேனா மூடியைக் கழற்றினார்.

"போடறேன் அண்ணே. அந்த மூணு நாளும் யாருக்கு ரத்தம் ஏத்தலாம்? ஒரே ஒரு பேர் சொல்லுங்க, பக்கத்துல எழுதிக்கிறேன்."