ஒரு ஆழாக்குப் பேச்சு

கிட்ட வாங்க கண்ணுகளா, இன்னும் கிட்ட. பெரியவங்களும் வரலாம், இடம் இருக்கு.

மலைகள் எல்லாம் குட்டியாக இருந்த காலம். ஆறுகளுக்கு இன்னும் பேர் வைக்காத காலம். அந்தக் காலத்திலே ஏழுவாய்க்கால் நாடு என்று ஒரு நாடு இருந்தது. அங்கே தண்ணீருக்குப் பஞ்சமில்லை, சோற்றுக்குப் பஞ்சமில்லை, மரியாதைக்கோ பஞ்சமே இல்லை. மரியாதை என்றால் உங்கள் வீட்டு மரியாதை எங்கள் வீட்டு மரியாதை இல்லை. அடேயப்பா! வழிப்போக்கன் ஒருத்தன் "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டால் போதும், "எல்லாம் உங்க புண்ணியம்!" என்று கையைக் கட்டிக்கொண்டு சொல்வார்கள். அவன் யாரென்றே தெரியாது. அன்றைக்குத்தான் முகத்தையே பார்க்கிறார்கள். இருந்தாலும் அவன் புண்ணியம்தான்!

இந்த மரியாதைதான் வினையாகப் போயிற்று.

ஒரு நாள் அந்த நாட்டுக்கு மந்திரவாதி கருநாக்கன் வந்தான். நாக்கு மை மாதிரிக் கறுப்பு. அந்த நாக்கால் எதைச் சொன்னாலும் பலிக்கும். அவன் வண்டியை ஒரு கிழட்டு எருமை இழுத்து வந்தது. வண்டி மேலே பனை உயரத்துக்கு ஒரு மண்குதிர். நெல் கொட்டி வைக்கிற குதிர்தான், ஆனால் உள்ளே ஒரு நெல் கூடக் கிடையாது.

கடைவீதியில் நின்று கேட்டான்: "என்னப்பா, எல்லாரும் நல்லாத் தூங்குறீங்களா?"

"உங்க புண்ணியத்துல நல்லாத் தூங்குறோம் சாமி!"

"என் புண்ணியமா? அப்ப அது என்னுது!"

ஊஊஸ்! ஊரார் தூக்கம் எல்லாம் பஞ்சு பஞ்சாகப் பறந்து குதிருக்குள்ளே போய்விட்டது.

"பிள்ளைங்க நல்லா விளையாடுதா?"

"உங்க புண்ணியத்துல குதியாட்டம் போடுதுங்க சாமி!"

"என் புண்ணியமா? அப்ப அதுவும் என்னுது!"

ஊஊஸ்! விளையாட்டெல்லாம் கோலிக்குண்டு மாதிரி உருண்டு உருண்டு உள்ளே போனது.

"வாயாரப் பேசிச் சிரிச்சு இருக்கீங்களா?"

அப்போதாவது வாயை மூடினார்களா? இல்லையே! "எல்லாம் உங்க புண்..." என்பதற்குள் அவர்கள் பேச்சு முழுக்க வெள்ளி மணிகளாக உதிர்ந்து, கலகலவென்று குதிருக்குள் கொட்டிவிட்டது.

அன்றிலிருந்து பிடித்தது வரிசை. விடிந்தால் வரிசை. குதிர் முன்னால் போய்க் குனிந்து கையேந்தினால் கருநாக்கன் அளந்து போடுவான். ஒரு பிடி தூக்கம், அரைப் பிடி விளையாட்டு, ஆழாக்கு என்கிற குட்டிப் படியால் ஒரு ஆழாக்குப் பேச்சு. வாங்கின மணிகளை மடியில் முடிந்துகொள்ள வேண்டும். ஒரு வார்த்தை பேசினால் ஒரு மணி மாயமாகும். மணி தீர்ந்தால் ஊமைதான், மறுநாள் காலை வரைக்கும்.

அதிலும் எல்லாருக்கும் ஒரே அளவா? அதுதான் இல்லை. "உன் மூக்கு கோணல், உனக்கு அரை ஆழாக்கு." "நீ நல்லாக் குனிஞ்சே, உனக்கு ஒண்ணரை." ராஜா அழகப்பூபதிகூடக் கிரீடத்தோடு எட்டாவது ஆளாக வரிசையில் நிற்பார். அவரும் அதே மரியாதையைச் சொல்லி ஏமாந்தவர்தானே!

அந்த ஊர் ஆற்றில் ஓடம் விட்டவள் சோலையம்மா. அவளுக்கு ஒரே மகள், மருக்கொழுந்து. பத்து வயசு. முன்பெல்லாம் அம்மாவும் மகளும் பேச ஆரம்பித்தால் ஓடம் அக்கரை போய் இக்கரை வந்தாலும் பேச்சு நிற்காது. இப்போது ஆளுக்கு ஒரு ஆழாக்கு.

ஒரு நாள் காலை. சோலையம்மாவும் மருக்கொழுந்தும் மணிகளை வாங்கி மடியில் முடிந்துகொண்டு நகர்ந்தார்கள். அடுத்து கீழத்தெருக்காரர்கள் கையேந்தினார்கள். கருநாக்கன் ஆழாக்கைக் கவிழ்த்து வைத்தான்.

"கீழத்தெருவுக்கு இன்னிக்கு இல்லை. போ, போ!"

சோலையம்மா திரும்பி வந்தாள். "நேத்தும் இல்லைன்னீங்க, முந்தாநாளும் இல்லைன்னீங்க. ஏன் சாமி, அவங்களுக்கு இருக்கறது வாய் இல்லையா?"

கருநாக்கன் கண் சிவந்தான். கறுப்பு நாக்கை நீட்டினான். "கேள்வி கேட்டவ கால் கல்லாகட்டும்! பொழுது சாயறதுக்குள்ள உச்சந்தலை வரைக்கும் கல்லாகட்டும்!"

ஐயோ! சொன்னபடியே பாதம் இரண்டும் கல்லாகிவிட்டன. அவள் மடியில் இருந்த மணிகளும் கரைந்துபோயின. சோலையம்மா வாயைத் திறக்கிறாள், சத்தம் வரவில்லை.

மருக்கொழுந்து அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு இழுத்தாள். கல்லை இழுத்தால் வருமா? உச்சிப்பொழுதில் கல் முழங்காலுக்கு ஏறிவிட்டது.

இனி அழுது பயனில்லை என்று மருக்கொழுந்து எழுந்தாள். குதிருக்குப் பின்பக்கம் ஓடினாள். அங்கே எருமை கட்டிக் கிடந்தது.

"எருமையே! குதிர்... திறப்பது... எப்படி?" என்றாள். நாலு மணி போயிற்று.

எருமை அசைபோட்டுக்கொண்டே பார்த்தது. "ஏன்டி புள்ள, பேச்சை இப்படிக் கிள்ளிக் கிள்ளிப் போடுறே? நல்லா வாயைத் திறந்து பேசேன்!"

மருக்கொழுந்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கு மட்டும் எவ்வளவு மணி?"

"எனக்கு ஏது மணி? அவன் என்னைப் பாத்தும் கேட்டான், நல்லா இருக்கியான்னு. நான் எருமை, எனக்கு மரியாதை தெரியுமா? வாலைச் சுழட்டி அவன் மூஞ்சியிலே ஒண்ணு வச்சேன். அதோட விட்டுட்டான்."

"குதிர் உடையவே உடையாதா?"

"பயில்வான் ஒருத்தன் உலக்கையால இடிச்சான், உலக்கைதான் உடைஞ்சுது. திருடன் ஒருத்தன் கன்னக்கோலால ஓட்டை போடப் பாத்தான், கை ஒட்டிக்கிச்சு. உங்க ராஜா வண்டி வண்டியாப் பொன்னைக் கொண்டாந்து விலைக்குக் கேட்டாரு, பொன்னையும் முழுங்கிடுச்சு. இடிச்சும் வராது, திருடியும் வராது, கேட்டும் வராது. ஆளை விடு, எனக்கு ஈ கடிக்குது."

அந்த நேரம் பார்த்து முன்பக்கம் ஒரு சத்தம். "வீஈஈல்!"

மருக்கொழுந்து எட்டிப் பார்த்தாள். கீழத்தெரு செல்லாயி கையில் ஒரு பிள்ளை. பிறந்து மூன்றே நாள். வரிசையில் நின்ற அந்தத் தாய்க்கு ஒரு மணிப் பேச்சுகூட இல்லை. ஆனால் பிள்ளை? ஊரே அதிர அழுகிறது! கருநாக்கனைப் பார்க்க வேண்டுமே. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நாலடி பின்னால் போனான். முகம் வெளிறிப் போயிற்று.

"அட!" என்று நினைத்தாள் மருக்கொழுந்து. "இந்தப் பிள்ளை எந்த வரிசையில நின்னுச்சு? இதுக்கு யாரு ஆழாக்கு அளந்தா?"

நினைத்ததும் முன்பக்கம் ஓடினாள். இதற்குள் கல் அம்மாவின் இடுப்பைத் தாண்டிவிட்டது. மருக்கொழுந்து நேரே போய்க் கருநாக்கன் முன்னால் நின்றாள். மடியில் மூன்றே மணி மிச்சம்.

கருநாக்கன் தேன் ஒழுகக் கேட்டான்: "என்ன பாப்பா, நல்லா இருக்கியா?"

பழகின வாயாச்சே! "உங்க..." என்று வந்துவிட்டது. ஒரு மணி போச்சு. சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். ரத்தம் உப்புக் கரித்தது. "நல்லா இல்லை!" என்றாள்.

மிச்சம் இரண்டு மணியும் போச்சு. மடி காலி.

கருநாக்கன் கைகொட்டிச் சிரித்தான். "தீந்து போச்சா? குனி. கையை ஏந்து. மனசு வந்தாப் போடறேன்."

மருக்கொழுந்து குனியவில்லை. கையேந்தவில்லை. அந்தப் பிள்ளை எப்படி அழுததோ, அப்படியே அடிவயிற்றிலிருந்து மூச்சை இழுத்தாள்.

"என் பேச்சு என்னோடது!"

வந்தது! ஒரு மணிகூட இல்லாமல் வந்தது! கூட்டம் வாயைப் பிளந்தது. குதிர் 'படார்' என்று ஒரு விரல்கடை விரிசல் விட்டது.

"எங்கம்மா பேச்சு எங்கம்மாவோடது!"

படார்! ஒரு முழத்துக்கு விரிசல்.

கருநாக்கன் சாபம் போடக் கறுப்பு நாக்கை நீட்டினான், அவன் அளக்காத பேச்சுக்கு முன்னால் அது பலிக்கவில்லை. அவனுக்கு வேர்த்துக் கொட்டியது. "நிறுத்து கண்ணு, நிறுத்து! குதிர்ல பாதி உனக்கும் உங்கம்மாவுக்கும் எடுத்துக்க. கல்லை இப்பவே இறக்கிடறேன். கீழத்தெருப் பேச்சை மட்டும் எடுக்காதே. அவங்க உனக்கு மாமனா மச்சானா?"

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கல் அம்மாவின் மோவாய்க்கு வந்துவிட்டது. 'சரி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அம்மா வந்துவிடுவாள். மருக்கொழுந்துக்குக் கண்ணீர் முட்டியது. அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் கண்கள் மகளைப் பார்க்கவில்லை. செல்லாயி கையில் இருந்த பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"முடியாது!" என்றாள் மருக்கொழுந்து. "நீ குடுத்ததுன்னு நான் வாங்கிக்கிட்டா நாளைக்கு நீயே பிடுங்கிக்குவே. எல்லாருக்கும் இருந்தாத்தான் எனக்கும் நிலைக்கும். கீழத்தெருப் பேச்சு கீழத்தெருவோடது! மேலத்தெருத் தூக்கம் மேலத்தெருவோடது! பிறக்கும்போதே கொண்டாந்தோம். நீ தரலை!"

குதிர் கிடுகிடுவென்று ஆடியது. ஆனால் உடையவில்லை. ஒரே வாய் சொன்னால் போதவில்லை, பாருங்கள்.

செல்லாயி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தாள். மூன்று நாளாகப் பேசாத வாய். "என்... என் பேச்சு என்னோடது!" என்றாள். வந்தது! மூக்குக் கோணல்காரர் கத்தினார், "என்னோடது!" பிள்ளைகள் கத்தின, "எங்க விளையாட்டு எங்களோடது!" ராஜா கிரீடம் நழுவக் கத்தினார், "அட, என்னோடதும்தான்யா!"

படார், படார், படாஆஆர்!

குதிர் சுக்குநூறாகியது. மணிகள் மழையாகக் கொட்டின. தூக்கம் பஞ்சாகப் பறந்தது. கோலிக்குண்டுகள் தெருவெல்லாம் ஓடின, பிள்ளைகள் பின்னாலேயே ஓடினார்கள். சோலையம்மா மேலிருந்த கல், காய்ந்த சேறு மாதிரிப் பொலபொலவென்று உதிர்ந்தது. மகளை வாரி எடுத்துக்கொண்டு அவள் சொன்ன முதல் பேச்சு என்ன தெரியுமா?

"ஏன்டி, காலையிலேருந்து ஒரு வாய்க் கஞ்சியாவது குடிச்சியா?"

இதற்குள் கூட்டம் கருநாக்கனை வளைத்துக்கொண்டது. "அறுங்க அவன் நாக்கை!" என்று கூச்சல். ராஜா வாளை உருவிவிட்டார்.

மருக்கொழுந்து குறுக்கே போய் நின்றாள். "வேண்டாம் மகாராஜா! இவன் செஞ்சதுக்கு விசாரிங்க. என்ன ஞாயமோ அதைச் செய்யுங்க. ஆனா நாக்கை அறுக்காதீங்க. இவனும் அழுதுகிட்டுத்தானே பிறந்திருப்பான்? இவனுக்கும் பேச்சு உண்டு, தூக்கம் உண்டு. நமக்கு உள்ளதுதான், ஒரு மணி கூடவும் இல்லை, ஒரு மணி குறையவும் இல்லை."

அந்தச் சொல் கேட்டதும் கருநாக்கன் நாக்கிலிருந்த கறுப்பு, கரைத்த மை மாதிரிச் சொட்டுச் சொட்டாக வடிந்தது. உள்ளே சாதாரணச் சிவப்பு நாக்கு! அவன் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதான். குதிருக்குக் காவல் இருந்து இருந்து அவன் தூங்கி நாலு வருஷமாயிற்றாம். அழுதபடியே அங்கேயே சுருண்டு குறட்டை விட்டுவிட்டான். விழித்த பிறகு விசாரித்தார்கள். குதிர் ஏற்றி வந்த வண்டியிலேயே அவன் கீழத்தெருவுக்கு மூன்று வருஷம் விறகு சுமக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. கூலியும் உண்டு, மத்தியான ஓய்வும் உண்டு.

ராஜா மருக்கொழுந்தைக் கூப்பிட்டார். "உனக்கு என்ன தரட்டும் தாயி?"

"உங்களோடது எதுவோ அதைத் தாங்க மகாராஜா. எங்களோடதை எடுத்து எங்களுக்கே தந்துடாதீங்க."

ராஜா வெகுநேரம் தலையைச் சொறிந்தார். கடைசியில், தான் மட்டும் உலாப்போக வைத்திருந்த மயில்மூக்குப் படகைச் சோலையம்மாவுக்குக் கொடுத்தார். அதில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தவள் செல்லாயி, கைப்பிள்ளையோடு. நடு ஆற்றில் பிள்ளை வீல் என்று அழுதது. யாரும் அதை "உஸ்" என்று அடக்கவில்லை.

அவர்கள் அக்கரை போய்ச் சேர்ந்தார்கள். நான் இக்கரையில் நின்று கையசைத்துவிட்டு உங்களிடம் வந்துவிட்டேன். இவ்வளவு நேரம் நானே பேசிவிட்டேனே. ம், இப்போது நீங்கள் பேசுங்கள்.