அறுபது சென்டிமீட்டர் தலை

"நான் கேட்டனான் பிள்ளை. ஒருக்கா இல்லை, மூண்டு தரம் கேட்டனான்" என்றார் தவபாலன். "நல்லா இருக்கு எண்டு அவதான் சொன்னவ."

சாருகா சுவர்ப் பக்கம் திரும்பினாள். சுவரில் நாளைய வேலைகள் எழுதிய வெள்ளைப் பலகை இருந்தது. 'ஹெல்மெட் மேசை' என்ற வரிக்கு நேரே இருந்த தவபாலனின் பெயரை விரலால் அழித்தாள்.

சுவிஸ் மலைக் கிராமமொன்றில், கேபிள் கார் நிலையத்துக்குக் கீழே, பனிச்சறுக்குச் சாமான்களை வாடகைக்கு விடும் கடை அது. எந்தத் தலைக்கு எந்த ஹெல்மெட் என்று சாருகா சொல்லிவிட்டால் முதலாளியும் மறுபேச்சுப் பேசமாட்டார். அவளுக்கு வயது இருபத்தெட்டு. தவபாலனுக்கு ஐம்பத்து மூன்று. பத்தொன்பது வருடம் உணவகமொன்றில் கோப்பை கழுவி, முதுகு போன பிறகு அவளிடம் தொழில் பழக வந்தவர். ஆறு கிழமை வாடகைச் சப்பாத்துகளைக் காய வைத்தார். போன கிழமைதான் மேசை கிடைத்தது. சட்டையில் குத்திக்கொள்ளப் பெயர் அட்டையும் கிடைத்தது. வீட்டுக்குப் போகும்போதும் அவர் அதைக் கழற்றுவதில்லை.

அன்று காலை தமிழ்ப் பெண்கள் சங்கமொன்று பஸ் பிடித்து வந்திருந்தது. அதில் இராசமலர் என்ற அறுபது வயது அம்மாவுக்குத் தவபாலன்தான் ஹெல்மெட் போட்டுவிட்டார். குளிருக்குப் பயந்து அந்த அம்மா காதை மூடிக் கம்பளித் தொப்பி போட்டிருந்தார். கழற்றச் சொல்லத் தவபாலனுக்கு மனம் வரவில்லை. தொப்பிக்கு மேலேயே, பெரிய அளவாக ஒன்றை எடுத்து வைத்தார். தலையில் குளிர் ஏறக் கூடாதென்று ஹெல்மெட்டின் காற்றுத் துளைகளை ஒன்றுவிடாமல் மூடினார்.

பதினொரு மணிக்கு இராசமலரை மீட்புச் சறுக்குவண்டியில் கீழே கொண்டுவந்தார்கள். கண்ணை மூடும் பனிக் கண்ணாடி, காற்றுப் போக வழியில்லாமல் உள்ளுக்குள் ஆவி படிந்து மங்கி, வழி தெரியாமல் போய், ஓரத்து வலையில் மோதியிருந்தார். ஹெல்மெட் பிடரிக்கு நழுவியிருந்தது. நெற்றியில் எலுமிச்சங்காய் அளவு வீக்கம். வேறு காயமில்லை. மருந்து போட்டுப் பக்கத்துத் தேநீர்க் கடையில் இருத்தியிருந்தார்கள்.

"அவ பொய் சொன்னதுக்கு எனக்குத் தண்டனையோ?" என்றார் தவபாலன். "நாளைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளையள் நாப்பது பேர் வருகினம். எல்லாரும் மேசையிலை நிக்க, நான் திரும்பவும் நாறின சப்பாத்துக்குள்ளை கையை விடோணும். அப்பிடித்தானே?"

சாருகா அலுமாரியிலிருந்து கறுப்பு ஹெல்மெட் ஒன்றை எடுத்தாள்.

"இதைப் போடுங்கோ மாமா."

"ஏன்?"

"போடுங்கோ."

போட்டார். நெற்றிப் பொட்டு இரண்டிலும் யாரோ கட்டைவிரலை வைத்து அமத்துவதுபோல் இருந்தது. அவள் நாடிக்குக் கீழே பட்டியைப் பூட்டி, கண்ணாடியையும் மாட்டினாள். ஹெல்மெட்டின் முன்விளிம்பு கண்ணாடியைக் கீழே தள்ள, கண்ணாடி மூக்கை நசித்தது. அவர் வாயால் மூச்சு விட்டார்.

"எப்பிடி?"

மகள் வயதுப் பெண். அவள் முன்னால் முனகுவதா?

"நல்லா இருக்கு."

"கண்ணாடி?"

"அதுவும் நல்லா இருக்கு."

"சரி. கடை பூட்டும் வரைக்கும் கழட்டாதேங்கோ. சப்பாத்துகளைக் கொண்டுபோய்க் காயப் போடுங்கோ."

தவபாலனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஊரிலென்றால் இப்படி ஒரு சின்னப் பிள்ளை பெரிய மனிதனைக் கோமாளியாக்கி நிறுத்துமா? கழற்றி எறிந்துவிட்டுப் போகலாம். போனால் திரும்பவும் கோப்பைதான். பற்களைக் கடித்துக்கொண்டு சப்பாத்துக் கூடையைத் தூக்கினார்.

கீழ்மாடியிலிருந்து மேல்மாடிக்குப் பதினாறு படி. மூன்றாவது கூடையில் வியர்த்தது. நாலாவதில் கண்ணாடி வெளுத்தது. படி எங்கே முடிகிறதென்று காலால் தடவிப் பார்த்து ஏறினார்.

வரிசையில் நின்ற ஒரு தமிழ்ப் பொடியன் சிரித்தான். "அண்ணை, உள்ளுக்கையும் பனி கொட்டுதோ?"

"உன்ரை வேலையைப் பார்."

"வேலையில்லாமத்தானே அண்ணை லீவிலை வந்தனான்."

வரிசை முழுக்கச் சிரித்தது. மொழி விளங்காதவர்களும் சிரித்தார்கள்.

ஒரு மணிக்குச் சாருகா கேட்டாள். "மாமா, எப்பிடி?"

"ஒரு குறையுமில்லை."

இரண்டு மணிக்கும் கேட்டாள்.

"சொன்னனான் எல்லே. நல்லா இருக்கு."

மூன்று மணிக்குக் கேட்டபோது அவர் பதில் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினார். ஆட்டியது பிடரிவரை வலித்தது. உச்சியில் ஓர் இரும்பு வளையம் இறங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு சந்தோசம். கேள் பிள்ளை, நல்லாக் கேள். என்ரை வாயிலையிருந்து வராது.

கண்ணாடியின் ஓரத்தில் மட்டும் சிறு துண்டு வெளிச்சம் இருந்தது. அதற்குள் சாருகாவின் மேசை தெரிந்தது. அவள் ஒருவரின் தொப்பியைக் கழற்றவைத்தாள். நாடாவால் தலையை அளந்தாள். ஹெல்மெட்டைப் போட்டு இரு கையாலும் பிடித்து அசைத்தாள். அசைக்கும்போது புருவத்துத் தோலும் கூடவே அசைகிறதா என்று குனிந்து பார்த்தாள். பட்டியைப் பூட்டாமல் குனியச் சொன்னாள். கொட்டாவி விடச் சொன்னாள். கண்ணாடிக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவே இடைவெளி கிடக்கிறதா என்று விரலால் தடவினாள். பிறகு அப்படியே போட்டுக்கொண்டு பத்து நிமிடம் கடைக்குள் நடக்க விட்டு, கழற்றி, நெற்றியைப் பார்த்தாள்.

பெரிய வித்தை, என்று நினைத்தார் தவபாலன். தலையைப் போய் மாட்டுத் தரகர் பல்லுப் பாக்கிற மாதிரி.

நாலு மணிக்குச் சங்கத்துப் பெண்கள் சாமான்களைத் திருப்பிக் கொடுக்க வந்தார்கள். கடைசியாக இராசமலர், நெற்றியில் பிளாஸ்டரோடு. தவபாலன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இவவாலைதான் எல்லாம். ஆனால் இராசமலர் அவரைத் தேடி வந்தார்.

"தம்பி, என்னாலை உமக்கு ஏச்சு விழுந்ததெண்டு..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். "ஐயோ, இதென்ன கோலம்? உது உமக்குச் சின்னன். கழுத்து நரம்பெல்லாம் புடைச்சுக் கிடக்கு. மூச்சும் வாயாலை எல்லே விடுறீர்."

தவபாலன் சொல்ல வாயெடுக்குமுன் இராசமலரே கையை நீட்டிப் பட்டியைக் கழற்றினார். கண்ணாடியையும் ஹெல்மெட்டையும் சேர்த்து எடுத்தார். காற்றுப் பட்டதும் தவபாலனின் கண் கலங்கியது. நெற்றியில் சிவப்பாக ஒரு வாய்க்கால், இந்தப் பொட்டிலிருந்து அந்தப் பொட்டுவரை.

"வீங்கப் போகுது. ஐஸ் வையும்" என்றார் இராசமலர்.

"அக்கா" என்றார் தவபாலன். குரல் உயர்ந்தது. "என்னைப் பாத்தவுடனை இவ்வளவும் சொல்லுறியள். காலமை உங்களுக்கு ஹெல்மெட் சரியில்லை எண்டு ஏன் சொல்லேல்லை? வாய் இருந்ததுதானே?"

"எப்பிடித் தம்பி சொல்லுறது? எவ்வளவு பாடுபட்டு, முழங்காலிலை இருந்து போட்டுவிட்டனீர். அதுக்கு மேலை இது நல்லாயில்லை எண்டு சொல்ல ஒரு மாதிரிக் கிடந்தது. பரவாயில்லை எண்டு விட்டிட்டன்."

பஸ் ஹோர்ன் அடித்தது. இராசமலர் ஹெல்மெட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

தவபாலன் அதைத் திருப்பிப் பார்த்தார். உள்ளே அளவு எழுதியிருந்தது. ஐம்பத்தாறு.

"பிள்ளை" என்றார். "என்ரை தலை எத்தினை?"

"அறுபது" என்றாள் சாருகா. அவள் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சுகொண்டுதான் போட்டுவிட்டனியோ?"

"ஓம்."

"தெரிஞ்சும், மணித்தியாலத்துக்கு ஒருக்கா வந்து எப்பிடி எண்டு கேட்டனியோ?"

"ஓம்."

"நாலு மணித்தியாலம்! மண்டை பிளக்குது. எனக்கு ஏதுமொண்டு ஆகியிருந்தா?"

"ஒவ்வொரு தரமும் முகத்தைப் பாத்தனான். இன்னும் பத்து நிமிசத்திலை நானே கழட்டியிருப்பன்."

தவபாலன் கதிரையில் அமர்ந்தார். நெற்றியைத் தொட்டார். தோலில் பள்ளம் கையில் தட்டுப்பட்டது. வெளியே பஸ் புறப்படும் சத்தம். சங்கத்துப் பெண்கள் ஏதோ பாடிக்கொண்டு போனார்கள்.

காலையில் நடந்ததெல்லாம் அவர் மனதில் ஒருதரம் ஓடியது. மூன்று தரம் கேட்டது உண்மை. மூன்று தரமும் அடுத்த தலையைப் பார்த்துக்கொண்டே கேட்டதும் உண்மை.

சாருகா மேசைத் துணியைப் பிழிந்து காயப் போட்டாள். பிறகு பலகைக்கு முன்னால் போய், அழித்த இடத்தில் தவபாலன் என்று எழுதினாள். பேனையை மூடினாள்.

அதைக் கண்டதும் அவருக்குத் திரும்பவும் கோபம் வந்தது. எழும்பிவிட்டார்.

"அப்ப இது அவ்வளவுதானே? கேக்கிறதோடை நிக்காதேங்கோ, பாருங்கோ எண்டு ஒரு சொல்லு. காலமையே வாயாலை சொல்லியிருக்கலாமே! ஏன் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா" என்றாள் சாருகா, "விளங்கிச்சுது எண்டிருப்பியள்."