நயினாருக்குப் பிடித்த ஊர்

இந்தக் கதையில் கெட்டவர் யாரும் இல்லை. அதனால்தான் தீர்ப்புச் சொல்வது கடினம். பொறுமையாகக் கேளுங்கள்.

திருநெல்வேலியில் டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் ஆறுமுகநயினார். மனைவி காலமானபின் தனியாக இருந்தார். மூத்த மகள் வடிவு ஊட்டியில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். இளையவள் கோமதி பாளையங்கோட்டையில். ஆயுள் முழுக்க இன்ஜின் சூட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனிதருக்கு வெயில் என்றாலே ஆகாது. ஒரு சித்திரையில் வடிவு நேரில் வந்து, "எங்ககூட வந்திருங்கப்பா" என்று கையோடு அழைத்துப் போனாள்.

ஊட்டி அவருக்குப் போன மறுநாளே பிடித்துவிட்டது. திருநெல்வேலியில் விடிந்ததும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். இங்கே நண்பகலிலும் ஸ்வெட்டரைக் கழற்ற மனம் வராது. அங்கே டீயை ஆற்றிக் குடிக்க வேண்டும். இங்கே ஆறிவிடுமே என்று அவசரமாகக் குடிக்க வேண்டும். முட்டைக்கோஸ் தோட்டங்களின் மேல் பனி விலகுவதைப் பார்த்தபடி நெடுந்தூரம் நடந்தார். நன்றாகப் பசித்தது. உறக்கம் தானாக வந்தது. "இந்த வயசுல எனக்கு இப்படி ஒரு கொடுப்பினையா!" என்று மருமகனிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்.

வடிவின் வீட்டில் இரண்டே அறைகள். காலை வெயில் விழும் முன்னறையை அப்பாவுக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டு, மலைச்சரிவை ஒட்டிய பின்னறைக்கு அவளும் கணவனும் மாறிக்கொண்டார்கள். "எங்களுக்கு இதுதான் வசதிப்பா, காத்து அடிக்காது" என்றாள்.

ஆடியில் மழை பிடித்துக்கொண்டது. துவைத்த துணி நாள் கணக்கில் காயவில்லை. வடிவு இருமத் தொடங்கினாள். கேட்டால், "மழைக்காலத்துல இங்க எல்லாருக்கும் வரதுதான்" என்று சிரித்தாள். ஒருநாள் அவள் கடைக்குப் போயிருந்தபோது, கம்பளி எடுக்கப் பின்னறைக்குள் போன நயினார் சுவரில் கையூன்றினார். உள்ளங்கை நனைந்தது. தலைமாட்டுச் சுவர் முழுக்கக் கரும்பூசணம் படர்ந்திருந்தது. தலையணைக்கு அடியில் மூச்சிழுப்புக்கான மருந்து ஒளித்து வைக்கப்பட்டிருந்தது.

அன்று மாலை, "நான் பின்னறையில படுத்துக்கிடுதேம்மா" என்று சொல்லிப் பார்த்தார். பூசணத்தைப் பற்றியோ மருந்தைப் பற்றியோ வாயைத் திறக்கவில்லை.

"நீங்க அங்க படுத்தா எனக்குச் சோறு இறங்காதுப்பா" என்று வடிவு அந்தப் பேச்சை முடித்துவிட்டாள்.

அந்த வாரமே அவர் பெட்டியைக் கட்டினார். "குளிர் எனக்கு ஒத்துக்கலை. நம்ம ஊரு வெயில்தான் ஒடம்புக்குச் சரி."

"நான் ஏதும் குறை வச்சேனாப்பா?"

"ஒரு குறையும் இல்லை தாயி" என்றார். அது மட்டும் உண்மை.

கோமதி வீட்டுக்கு வந்து தங்கிய அவர் திருநெல்வேலியைப் புகழ்ந்துகொண்டே இருந்தார். குற்றாலச் சாரலைத் தொட்டுக்கொண்டு வரும் மேல்காற்று, கொடியில் போட்ட கொஞ்ச நேரத்தில் மொறமொறவென்று காயும் வேட்டி, ஆற்றுக் குளியல் என்று எல்லாம் அவருக்குக் கை கொடுத்தன. ஆனால் பங்குனி பிறந்ததும் உடம்பெல்லாம் வேர்க்குரு. சித்திரையில் ஒருநாள் குழாயடியிலேயே மயங்கி விழுந்தார்.

தெளிந்ததும் கோமதி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். "ரெண்டு ஊர்ல உங்களுக்கு எது பிடிக்கும்? நெசத்தைச் சொல்லுங்க."

அவர் மெல்ல எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். பிறகு, "ஊட்டிதாம்ட்டி" என்று தொடங்கி நடந்ததை எல்லாம் சொன்னார். "அக்கா காதுக்கு இது போகக் கூடாது" என்று வாக்கும் வாங்கிக்கொண்டார்.

சில நாள் கழித்து வடிவு போனில் அழுதாள். "அப்பாவைக் கூப்பிட்டா ஏதாவது சாக்கு சொல்லுதாவ. என் வீடு அவுகளுக்கு அவ்வளவு வெறுத்துப் போச்சா? நான் என்னட்டி தப்புச் செஞ்சேன்?"

கோமதி வாக்கை மீறினாள். ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள்.

மறுநாளே வடிவு வந்து இறங்கினாள். "சுவர் நனைஞ்சதைப் பார்த்தா என்கிட்ட சொல்லணும். ஊர்மேல ஏன்ப்பா பழியைப் போட்டீய?" என்று சண்டை பிடித்தாள்.

"நீ இருமலை மறைச்சே, நான் மனசை மறைச்சேன். இவ ரெண்டு பேரையும் சந்தியில நிறுத்திட்டா" என்றார் நயினார்.

நோயை மறைத்து அப்பாவுக்கு வெயிலறையைக் கொடுத்தாள் வடிவு. மகளின் உடம்புக்காகப் பிடித்த ஊரைப் பிடிக்கவில்லை என்றார் நயினார். கொடுத்த வாக்கை உடைத்தாள் கோமதி. இதில் யார் செய்தது சரி?

விடை: கோமதி செய்ததே சரி. வடிவும் நயினாரும் ஒருவருக்காக ஒருவர் இழந்தார்கள்; ஆனால் மற்றவருக்கு எது நல்லது என்பதை அவரைக் கேட்காமலே முடிவு செய்தார்கள். அதனால் நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் வடிவு, தான் வெறுக்கப்பட்டதாக நினைத்து அழுதாள். வாக்குத் தவறியது குற்றம்தான், கோமதி அதை மறுக்கவும் இல்லை. அவள் பேசாதிருந்திருந்தால் அந்த அழுகை நின்றிருக்காது. பிறகு வடிவின் கணவன் பின்னறையை விறகு வைக்க ஒதுக்கிவிட்டான். முன்னறையில் குறுக்கே ஒரு தட்டி கட்டி, மூவரும் அங்கேயே படுத்துக்கொண்டார்கள். கோடைக்கு ஊட்டி, மழை பிடித்ததும் திருநெல்வேலி என்று நயினாரின் நாட்கள் நகர்ந்தன. எந்த ஊர் பிடிக்கும் என்று யாராவது கேட்டால், "ஊட்டிதான்" என்று இப்போது கோமதியின் எதிரிலேயே சொல்கிறார். அவளும் சிரித்துக்கொண்டே அவருடைய ஸ்வெட்டரை மடித்துப் பெட்டியில் வைக்கிறாள்.