கோப்பையும் முழங்காலும்

கபடிக் கோப்பை கல்லூரிக்கு வந்தது. இசக்கியம்மாளின் வலது முழங்கால் ஆஸ்பத்திரிக்குப் போனது. இரண்டும் ஒரே ரெய்டில் நடந்தவை.

அறுவைச் சிகிச்சைக்குக் கல்லூரி உதவ வேண்டும் என்று மனு எழுதிக்கொண்டு, ஊன்றுகோலோடு தாளாளர் தர்மலிங்கத்தின் அறைக்குப் போனாள். அட்மிஷன் நேரம். மகள்களோடு நாலைந்து பெற்றோர் அங்கே உட்கார்ந்திருந்தார்கள்.

தாளாளர் மனுவை ஒரு விரலால் தள்ளினார்.

"லேப்ல வழுக்கி விழுந்த அட்டெண்டருக்கு நஷ்டஈடு கொடுத்தோம். அது வேலை. நீ விழுந்தது விளையாட்டு. உன் ஆசைக்கு ஆடினே, உன் கால் போச்சு. இதுல காலேஜ் எங்கம்மா வந்துச்சு?"

"சரிங்க சார், புரிஞ்சுது" என்றாள் இசக்கி. நொண்டியபடியே போய், அறை மூலையில் கோப்பை வைத்திருந்த கண்ணாடி அலமாரியைத் திறந்தாள். கோப்பையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"ஏய், எங்க தூக்கிட்டுப் போற?"

"வீட்டுக்கு சார். என் ஆசைக்கு ஆடி ஜெயிச்சதுதானே."

"வை கீழே! அது காலேஜ் சொத்து. காலேஜுக்காகத்தான் நீ ஆடினே!" அவர் குரல் வராந்தா வரை கேட்டது.

"அப்போ காலும் காலேஜுக்காகத்தானே சார் போச்சு?"

ஒரு தகப்பனார் தான் நிரப்பிக்கொண்டிருந்த விண்ணப்பத்தை மடித்துவைத்தார். "எம் பொண்ணும் கபடி ஆடுவா. நீங்க பதிலைச் சொல்லுங்க சார், கேட்டுட்டு நிரப்புறேன்" என்றார்.

தாளாளர் பேனாவைத் தேடினார். மனுவில் கையெழுத்து விழுந்தது.

மறுவாரம் கல்லூரி வாசலில் புது ஃபிளெக்ஸ் ஏறியது. 'வீராங்கனையின் காலைக் காத்த வள்ளல்' என்ற எழுத்துக்குக் கீழே தாளாளர் ஆளுயரத்தில் கைகூப்பி நின்றார். ஓரமாக, தபால்தலை அளவில், கட்டுப்போட்ட ஒரு முழங்கால் மட்டும் இருந்தது.